வைட் ஃபால்கன் முதல் மாயாகுவெஸ் வரை: ஒரு போர்க்காலச் சரக்குக் கப்பலின் 35 ஆண்டுகள்

கடல்காகம் எழுதியது:

மாயாகுவெஸ் என்ற பெயரைத் தேடிப் பார்த்தால் 1975 மே 12 முதல் 15 வரை நடந்தது மட்டும்தான் வருகிறது. அப்போதுதான் கம்போடியாவைக் கைப்பற்றியிருந்த கெமர் ரூஜ் கம்யூனிஸ்ட் படை கப்பலைப் பிடித்தது, அமெரிக்க அதிபர் ஃபோர்டு கடற்படையை அனுப்பினார், கம்போடியாவின் கோ டாங் தீவில் சண்டை நடந்தது, அவ்வளவுதான். அந்தக் கப்பல் கடலில் இருந்தது 35 ஆண்டுகள். மீதி ஆண்டுகளைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் இந்த இழை.

1944இல் வட கரோலினா மாநிலம் வில்மிங்டனில் கட்டினார்கள். கட்டியது நார்த் கரோலினா ஷிப்பில்டிங் என்ற நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்காகவே புதிதாக எழுப்பிய கப்பல் கட்டும் தளம் அது. அங்கிருந்து மொத்தம் 243 கப்பல்கள் வெளியேறின, அவற்றில் 126 லிபர்டி கப்பல்கள். நம் கப்பல் லிபர்டி இல்லை, சி-2 வகை. முதல் பெயர் வைட் ஃபால்கன்.

இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. லிபர்டி கப்பல் அவசரத்துக்குக் கட்டியது. பழைய பாணி நீராவி இன்ஜின், 11 நாட் (மணிக்குச் சுமார் 20 கி.மீ.) வேகம், போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்ற கணக்கு. சி-2 அப்படி இல்லை. 1936ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அமெரிக்க மேரிடைம் கமிஷன், போருக்கு முன்பே, அமைதிக்கால வணிகத்தை மனதில் வைத்து வரைந்த கப்பல் அது. நீராவி டர்பைன், 6,000 குதிரைத்திறன், பதினைந்தரை நாட் வேகம். 459 அடி நீளம், 63 அடி அகலம். போர் நடுவில் வந்ததால் அது போர்க்கப்பல்களோடு ஓடியது. ஆனால் பிறவியிலேயே வணிகக் கப்பல்.

போர் முடிந்ததும் அமெரிக்க அரசின் கையில் ஆயிரக்கணக்கில் கப்பல்கள் மிஞ்சின. 1946இல் வணிகக் கப்பல் விற்பனைச் சட்டம் வந்தது. சரக்குக் கப்பல்களுக்குப் போருக்கு முந்தைய கட்டுமானச் செலவில் பாதிதான் அடிப்படை விலை. லிபர்டிகளைக் கிரேக்கர்களும் இத்தாலியர்களும் அள்ளிக்கொண்டார்கள். சி-2 மாதிரி நல்ல சரக்கை அமெரிக்க நிறுவனங்கள் விடவில்லை. வைட் ஃபால்கன் கிரேஸ் லைன் கைக்குப் போனது. பெயர் சாந்தா எலியானா ஆனது. தென் அமெரிக்கப் பாதையில் ஓடிய கிரேஸ் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் 'சாந்தா' என்றுதான் பெயர் தொடங்கும்.

அடுத்த பகுதியைப் பிறகு போடுகிறேன். தெரிந்தவர்கள் இடையில் சேருங்கள்.


துறைமுகத்தான் எழுதியது:

அருமை அண்ணா. கிரேஸ் லைன் என்றால் பெருவில் கடற்பறவை எச்சம் ஏற்றி வணிகம் தொடங்கிய அதே டபிள்யூ. ஆர். கிரேஸ் குடும்பம்தானே? எச்சம், சர்க்கரை, காப்பி என்று எல்லாவற்றிலும் இருந்தவர்கள். சரக்கும் அவர்களுடையது, கப்பலும் அவர்களுடையது என்ற மாதிரி நிறுவனம்.


கடல்காகம் எழுதியது:

அதே கிரேஸ்தான் தம்பி.

சாந்தா எலியானாவின் உண்மையான திருப்பம் 1960. அதற்கு முன் நான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் நூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு கிளம்பியது. கன்டெய்னர் யுகம் அன்று தொடங்கியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஐடியல் எக்ஸ் புதுக் கப்பல் இல்லை, போர்க்காலத்து டி-2 எண்ணெய்க் கப்பல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல்தளத்தில் சட்டம் அடித்துப் பெட்டிகளை வைத்தார்கள். அதற்குச் சொந்தக்காரர் மால்கம் மெக்லீன், வட கரோலினாக்காரர், லாரித் தொழிலிலிருந்து வந்தவர். அந்தப் பயணத்தில் அவர் பார்த்த கணக்கு இன்றும் பேசப்படுகிறது: சரக்கைத் தனித்தனியாக ஏற்றினால் டன்னுக்கு 5.83 டாலர், பெட்டியில் ஏற்றினால் 16 சென்ட்டுக்கும் குறைவு.

அடுத்த ஆண்டே மெக்லீன் கேட்வே சிட்டியை இறக்கினார். அது சி-2. உள்ளே செங்குத்துச் சட்டங்கள் நட்டு, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகும்படி மாற்றிய கப்பல். 35 அடிப் பெட்டிகள் 226. மேல்தளத்தில் சொந்த கிரேன்.

கன்டெய்னர் புரட்சி என்றால் ஏதோ புதுக் கப்பல்கள் வந்து உலகத்தை மாற்றியது போல ஒரு சித்திரம் இருக்கிறது. முதல் பத்து ஆண்டுகள் முழுக்கவும் போர்க்காலத்து இரும்பின் மேல்தான் நடந்தது. அந்த இரும்பு மலிவாகக் கிடைத்திராவிட்டால் எந்த முதலாளியும் அந்தச் சோதனையைச் செய்திருக்க மாட்டார் என்பது என் உறுதியான கருத்து.

சரி, சாந்தா எலியானா. 1960இல் பால்டிமோரில் மேரிலாண்ட் ஷிப்பில்டிங் டிரை டாக்கில் அதைப் படுக்கவைத்து நடுவில் வெட்டினார்கள். 45 அடிக்குப் புதுத் துண்டு செருகினார்கள். இரு பக்கமும் புதுத் தகடு வைத்து 11 அடி அகலப்படுத்தினார்கள். 459 அடி 504 ஆனது, 63 அடி 74 ஆனது. தளத்துக்குக் கீழே 382 பெட்டி, மேலே 94 பெட்டி. வெளிநாட்டு வணிகத்துக்கென்றே முழுக்கக் கன்டெய்னர் கப்பலாக மாற்றப்பட்ட முதல் அமெரிக்கக் கப்பல் அது. செலவில் அரசு மானியமும் உண்டு.


பாய்லர் அறை எழுதியது:

கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீட்டுவதையும் அகலப்படுத்துவதையும் பற்றிச் சில வார்த்தை.

நீட்டுவது எளிது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்த வேலை. நடுவில் வெட்டி இரு பாதியையும் நகர்த்தி, புதுப் பகுதியை வைத்து வெல்டிங் செய்வார்கள். பிரச்சினை வேறு. கப்பல் நீளமாக ஆக, அலைமேல் அது வளைகிற விசை கூடும். அந்த விசையைத் தளத்துத் தகடும் அடித்தகடும்தான் தாங்க வேண்டும். கன்டெய்னர் கப்பலில் தளத்தில் பெரிய பெரிய திறப்புகள், அதாவது இழுவிசையைத் தாங்க வேண்டிய இடத்திலேயே ஓட்டை. எனவே பக்கவாட்டில் இரும்பைக் கூட்டியாக வேண்டும். அந்த 11 அடி அகலம் பெட்டிக்கு மட்டுமல்ல, வலுவுக்கும், மேல்தளத்தில் பெட்டி அடுக்கினாலும் கவிழாமல் நிற்பதற்கும்.

இன்னொன்று: இத்தனை மாற்றியும் இன்ஜின் அறையைத் தொடவில்லை. 1944ஆம் ஆண்டு பாய்லர், டர்பைன், கியர். உடம்பு பெருத்தது, இதயம் அதே. இது பின்னால் வரப்போகிற கணக்குக்கு முக்கியம்.


பெட்டிக்கணக்கு எழுதியது:

கிரேஸின் பெட்டி 17 அடி என்பதை யாரும் சொல்லவில்லையே. மெக்லீனுடையது 35 அடி. பசிபிக்கில் மேட்சன் நிறுவனத்துடையது 24 அடி. ஆளுக்கொரு அளவு. இன்று நாம் பார்க்கிற 20, 40 அடி அளவுகள் உலகப் பொது அளவாக நிலைத்தது பின்னால். ஒரு நிறுவனத்தின் கப்பலில் இன்னொரு நிறுவனத்தின் பெட்டி இறங்காது. கப்பலை விற்றால் வாங்குகிறவர் உள்ளே இருக்கும் சட்டங்களைப் பிடுங்கி மறுபடி நட வேண்டும். 476 பெட்டி பிடித்த கப்பல் 1975இல் 274 பெட்டியோடு போய்க்கொண்டிருந்தது என்றால் காரணம் சரக்குக் குறைவு இல்லை. பெட்டி இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது.


துறைமுகத்தான் எழுதியது:

வெனிசுவேலாவில் என்ன நடந்தது என்று யாராவது சொல்லுங்கள். நானும் துறைமுக வேலைக்காரன்தான், அந்தக் கதை எங்களுக்கு நெருக்கமானது.


கடல்காகம் எழுதியது:

அதற்குத்தான் வருகிறேன். 1960 தொடக்கத்தில் சாந்தா எலியானா கன்டெய்னர்களோடு வெனிசுவேலா போய்ச் சேர்ந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் பெட்டியைத் தொட மாட்டோம் என்றார்கள். கப்பல் இரண்டு வாரத்துக்கும் மேலாக இறக்காமல் நின்றது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அந்த ஒரு சுமையை இறக்கினார்கள். அதற்குமேல் கன்டெய்னர் கப்பல் வேண்டாம் என்பது தீர்மானமாகிவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்து மாற்றிய கப்பலுக்கு வேலை இல்லை. கிரேஸ் இதே போல இன்னொரு கப்பலையும், சாந்தா லியோனோரை, மாற்றியிருந்தது. அதற்கும் அதே நிலை.

1964இல் கிரேஸ் இரண்டையும் சீ-லேண்டுக்கு விற்றது. சீ-லேண்ட் மெக்லீனின் நிறுவனம். நம் கப்பல் கொஞ்ச காலம் வெறுமனே 'சீ' என்ற பெயரில் இருந்தது. 1965இல் மாயாகுவெஸ் ஆனது. போர்ட்டோ ரிக்கோவின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர் அது.


துறைமுகத்தான் எழுதியது:

தொழிலாளர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மூட்டையாகவும் பெட்டியாகவும் பீப்பாயாகவும் வந்த சரக்கைக் கும்பல் கும்பலாக ஆட்கள் சரக்கறைக்குள் இறங்கி நாள்கணக்கில் ஏற்றி இறக்குவார்கள். அது ஒரு ஊரின் சோறு. அதை ஒரு கிரேனும் சில ஆட்களும் ஒரு நாளில் முடிப்பார்கள் என்றால், முன்கூட்டி ஒரு வார்த்தை பேசாமல் கப்பலை அனுப்பினால், வேறு என்ன செய்வார்கள்? இதே சீ-லேண்டின் முன்னோடி நிறுவனம் 1958இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குக் கன்டெய்னர் கொண்டுபோனபோதும் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் மறுத்தார்கள். அங்கே கடைசியில் எத்தனை பேர் கொண்ட குழு வேலை செய்வது என்று ஒப்பந்தம் போட்டுத்தான் கப்பல் ஓடியது. கிரேஸ் தோற்றதற்கும் மெக்லீன் ஜெயித்ததற்கும் காரணம் பெட்டியின் அளவு இல்லை. ஒருவர் தொழிலாளரோடு உட்கார்ந்து பேசினார், இன்னொருவர் பேசவில்லை.


பெட்டிக்கணக்கு எழுதியது:

அது ஒரு காரணம் அண்ணா, ஒரே காரணம் இல்லை. மெக்லீனுக்கு லாரி இருந்தது. பெட்டியைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போகாமல் கடை வாசல்வரை கொண்டுபோக அவரால் முடிந்தது. கிரேஸுக்கு அது கிடையாது. வெனிசுவேலாத் தொழிலாளர்கள் ஒத்துக்கொண்டிருந்தாலும் அந்தச் சேவை எத்தனை நாள் ஓடியிருக்கும் என்பது சந்தேகம்.

போர்ட்டோ ரிக்கோவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் 1920ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்ற வேண்டுமானால் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கக் கொடியோடு, அமெரிக்கருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோ பாதையும் அந்தச் சட்டத்துக்குள் வரும். ஜப்பானில் பாதி விலைக்குப் புதுக் கப்பல் கிடைத்தாலும் பயன் இல்லை. இருபது வயதான சி-2வுக்கு மரியாதை இருந்தது இதனால்தான். வெளியே பழைய இரும்பு, சட்டத்துக்குள்ளே பொக்கிஷம்.


அலைவரிசை எழுதியது:

பெட்டிக்கணக்கு சொன்னது மிக முக்கியம். ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் இங்கே எழுத வேண்டும். மரீன் எலெக்ட்ரிக் என்ற கப்பல். இதுவும் 1944இல் கட்டியது, டி-2 எண்ணெய்க் கப்பல், முதல் பெயர் மஸ்க்ரோவ் மில்ஸ். 1960களின் தொடக்கத்தில் முன்னும் பின்னும் பழையதை வைத்துக்கொண்டு நடுப்பகுதியைப் புதிதாகச் செருகி நிலக்கரி ஏற்றும் கப்பலாக்கினார்கள். மாயாகுவெஸுக்கு நடந்த அதே வைத்தியம். அமெரிக்கக் கடற்கரைப் பாதையில் மாற்று இல்லாததால் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். சரக்கறை மூடிகள் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தன, அவற்றுக்கு ஒட்டுப் போட்டார்கள். சோதனை செய்தவர்கள் சான்றிதழும் கொடுத்தார்கள். 1983 பிப்ரவரி 12 அதிகாலை வர்ஜீனியாவுக்கு அப்பால் குளிர்காலப் புயலில் மூழ்கியது. 34 பேரில் 3 பேர்தான் பிழைத்தார்கள். பெரும்பாலோர் தண்ணீரின் குளிரால் இறந்தார்கள்.

அதன் பிறகுதான் அந்த வயதுக் கப்பல்கள் எத்தனையோ சோதிக்கப்பட்டு ஸ்கிராப்புக்குப் போயின. குளிர் நீரில் உடம்பைக் காக்கும் உடை குளிர்க்கடல் கப்பல்களில் கட்டாயமானது. கடலோரக் காவல்படை தண்ணீரில் குதித்துக் காப்பாற்றும் நீச்சல் வீரர்களைத் தனிப்பிரிவாக உருவாக்கியது. என் உறவினர்கள் கடலில் இருக்கிறார்கள். 'பழைய கப்பல்தான், ஆனால் ஓடும்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு அந்த 31 பேர்தான் நினைவுக்கு வருவார்கள்.


பாய்லர் அறை எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சரி. கப்பலுக்கு வயதாவது தவறில்லை. தகட்டின் கனத்தை அளக்காமல் பெயின்ட் அடிப்பது தவறு. நாற்பது வயதுக் கப்பலைப் பத்திரமாக ஓட்டலாம், அதற்குச் செலவு செய்ய முதலாளி தயாராக இருந்தால். முதலாளி மாறிக்கொண்டே இருக்கும் கப்பலில் அந்தச் செலவைச் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை, அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று நினைப்பார்கள். மாயாகுவெஸ் அந்த விதத்தில் கொடுத்து வைத்தது, 1964க்குப் பிறகு ஒரே நிறுவனத்தில் இருந்தது.


கடல்காகம் எழுதியது:

ஒரே நிறுவனம்தான், ஆனால் நிறுவனத்துக்கே முதலாளி மாறியது ஐயா. 1969இல் மெக்லீன் சீ-லேண்டை ஆர். ஜே. ரெனால்ட்ஸ் என்ற புகையிலை நிறுவனத்துக்கு விற்றார், 50 கோடி டாலருக்கும் மேல். 1975இல் கம்போடியாக் கடலில் பிடிபட்ட கப்பலின் இறுதி உரிமையாளர் ஒரு சிகரெட் கம்பெனி. ரெனால்ட்ஸ் பணத்தில் சீ-லேண்ட் 33 நாட் வேகம் போகும் எஸ்.எல்-7 வகைப் புதுக் கப்பல்களை 1970களின் தொடக்கத்தில் இறக்கியது. பெரிய பாதைகளை அவை எடுத்துக்கொண்டன. மாயாகுவெஸ் போன்ற பழசுகள் சிறு துறைமுகங்களுக்குப் பெட்டி பிரித்துக் கொடுக்கும் வேலைக்குத் தள்ளப்பட்டன.

அது ஆசியாவுக்கு வந்த வழியும் போர்தான். வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தின் துறைமுகங்கள் சரக்கில் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, 1967இல் மெக்லீன் கேம் ரான் பேவுக்குக் கன்டெய்னர் சேவை நடத்த ஒப்பந்தம் எடுத்தார். போகும்போது நிறைய, வரும்போது காலி. காலிப் பெட்டியோடு வருவானேன் என்று ஜப்பானில் நின்று சரக்கு ஏற்றினார். சீ-லேண்டின் ஆசிய வணிகம் அப்படி வளர்ந்தது. 1975 வசந்தத்தில் மாயாகுவெஸ் ஓடிய பாதை ஹாங்காங், தாய்லாந்தின் சத்தஹீப், சிங்கப்பூர். ஏப்ரல் 21 அன்று சைகானிலிருந்து வெளியேறிய கப்பல்களில் அதுவும் ஒன்று. அமெரிக்கத் தூதரகத்தின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. ஒன்பது நாளில் சைகான் விழுந்தது.


சரித்திரப் பிரியை எழுதியது:

இத்தனை நேரம் ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு மறுப்பு. முதல் பதிவில் மூன்று நாள் கதையை 'அவ்வளவுதான்' என்று ஒரே வரியில் தள்ளியது எனக்கு ஒப்பவில்லை. அந்த மூன்று நாளில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் 41 பேர் இறந்தார்கள். தீவில் 18 பேர். அதற்கு முன்பே, படையைக் கொண்டுவரப் பறந்த ஹெலிகாப்டர் ஒன்று தாய்லாந்தில் விழுந்து 23 பேர். வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் நினைவுச் சுவரில் கால வரிசைப்படி கடைசியாக வரும் பெயர்கள் இவர்களுடையவை. மூன்று மரைன் வீரர்கள் (கடல்வழியாக இறங்கித் தாக்கும் அமெரிக்கப் படையினர்) தீவிலேயே விடப்பட்டார்கள். கம்போடியர்கள் தரப்பில் இறந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. கப்பலின் வாழ்க்கை என்று எழுதும்போது இவர்கள் அதன் நடுவில் இருக்க வேண்டும்.


கடல்காகம் எழுதியது:

நடுவில் இருக்கட்டும், மறுப்பே இல்லை. அந்த நாட்களை விரித்தே எழுதுகிறேன்.

மே 12 பிற்பகல். மாயாகுவெஸ் ஹாங்காங்கிலிருந்து சத்தஹீப் போகும் வழியில் புலோ வாய் தீவுகளுக்கு அருகே இருந்தது. கப்பலில் சுமார் 40 பேர், கேப்டன் சார்லஸ் மில்லர். சாதாரணச் சரக்குப் பெட்டி 107, அரசு மற்றும் ராணுவப் பெட்டி 77, காலிப் பெட்டி 90. முன்னால் குண்டு சுட்டு நிறுத்தி ஏறினார்கள். ஏறியவர்கள் வந்த படகு அமெரிக்காவில் கட்டிய ஸ்விஃப்ட் ரக ரோந்துப் படகு. கம்போடியாவை அதற்கு முன் ஆண்ட லோன் நோல் அரசுக்கு அமெரிக்கா கொடுத்தது, ஏப்ரல் 17 அன்று நோம் பென் விழுந்ததும் கெமர் ரூஜ் கைக்கு வந்தது. கப்பலும் கைமாறிய அமெரிக்கப் போர்ச்சரக்கு, படகும் கைமாறிய அமெரிக்கப் போர்ச்சரக்கு.

அந்த மாதத் தொடக்கத்திலேயே அந்தக் கடலில் தென் கொரியக் கப்பல் ஒன்றைத் துரத்தினார்கள், பனாமாக் கொடியோடு வந்த ஒன்றைப் பிடித்து வைத்திருந்து பிறகு விடுவித்தார்கள். இருந்தும் வணிகக் கப்பல்களுக்கு நேரத்துக்கு எச்சரிக்கை போகவில்லை. எனக்கு இன்றும் கோபம் வருகிற இடம் இது. ஒரு வானொலி எச்சரிக்கை போயிருந்தால் மில்லர் இன்னும் வெளியே ஒதுங்கிப் போயிருப்பார்.


சரித்திரப் பிரியை எழுதியது:

ராணுவப் பெட்டி 77 என்று எழுதினீர்கள். கெமர் ரூஜ் அதை உளவுக் கப்பல் என்று நினைத்ததில் அப்போது நியாயம் இருந்ததா?


பெட்டிக்கணக்கு எழுதியது:

உளவுக் கப்பல் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் சந்தேகம் வருவதற்குக் காரணம் உண்டு. பழைய மாதிரி சரக்குக் கப்பல் என்றால் சரக்கறையைத் திறந்தால் மூட்டை தெரியும், பீப்பாய் தெரியும். கன்டெய்னர் கப்பலில் எல்லாம் பூட்டிய அலுமினியச் சுவர். கேப்டனுக்கே கையில் இருப்பது ஒரு பட்டியல்தான், உள்ளே என்ன என்று அவர் பார்த்ததில்லை. சைகானிலிருந்து தூதரகப் பெட்டி ஏற்றிப் போன கப்பல், மூன்று வாரத்தில் திரும்ப அந்தக் கடலில், ராணுவச் சரக்கோடு, போகும் இடம் சத்தஹீப். சத்தஹீப்புக்குப் பக்கத்தில்தான் அமெரிக்க விமானப்படை இருந்த உதபாவோ. கோ டாங் மீது போன ஹெலிகாப்டர்கள் கிளம்பியதும் அதே உதபாவோதான். தன் மண்ணைக் கேட்காமல் பயன்படுத்தியதற்குத் தாய்லாந்து அரசு எதிர்ப்புத் தெரிவித்தது.

பிடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. மாலுமிகள் பாவம், அவர்கள் வேலைக்குப் போனவர்கள்.


பாய்லர் அறை எழுதியது:

மே 15 காலையைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அது இன்ஜின் அறை சம்பந்தப்பட்டது.

கப்பல் கோ டாங் அருகே நங்கூரமிட்டிருந்தது. ஆட்களை ஏற்கெனவே மீன்பிடிப் படகில் நிலப்பகுதிப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள், இது அமெரிக்கர்களுக்கு உறுதியாகத் தெரியாது. விமானங்கள் கப்பல் மேல் கண்ணீர்ப்புகை போட்டன. ஹெரால்ட் இ. ஹோல்ட் என்ற போர்க்கப்பல் பக்கத்தில் வந்து உரச, மரைன்கள் தாவி ஏறினார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. பாய்லர் குளிர்ந்து கிடந்தது.

மரைன்களோடு ஆறு வணிக மாலுமிகளும் ஏறினார்கள். கிரீன்வில் விக்டரி என்ற அரசுச் சரக்குக் கப்பலிலிருந்து தாமாக முன்வந்தவர்கள். துப்பாக்கி பிடித்தவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், இந்த ஆறு பேரைப் பற்றி எழுதுவது அபூர்வம். அவர்கள் வந்த கிரீன்வில் விக்டரியும் 1944இல் நீரில் இறங்கிய போர்க்காலக் கப்பல்தான். அதனால் அந்தக் காலத்து நீராவி நிலையம் அவர்களுக்குக் கைவந்த பொருள்.

செத்துக் கிடக்கும் நீராவிக் கப்பலை எழுப்புவது என்றால் என்ன? டீசல் மாதிரி காற்றைத் திறந்து விட்டால் சுற்றாது. முதலில் அவசர டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பி மின்சாரம் எடுக்க வேண்டும். அந்த மின்சாரத்தில் எரிபொருள் பம்பும் காற்று விசிறியும் ஓட வேண்டும். கனத்த எண்ணெயைச் சூடாக்க நீராவி வேண்டும், நீராவிக்கு எண்ணெய் எரிய வேண்டும், எனவே லேசான எண்ணெயில் தொடங்கி மெல்ல மெல்ல அழுத்தம் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் பாய்லர் குழாய் வெடிக்கும். பிறகு டர்பைனை மெதுவாகத் திருப்பிக்கொண்டே சூடாக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்று சூடேறினால் தண்டு வளைந்துவிடும். நீராவியைக் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சரில் வெற்றிடம் பிடிக்க வேண்டும். மணிக்கணக்கான வேலை. சுற்றிலும் சண்டை நடக்கும்போது அந்நியக் கப்பலின் இருட்டு இன்ஜின் அறையில் டார்ச் விளக்கோடு இதைச் செய்ய இறங்கியவர்களை நான் வணங்குகிறேன்.

அதுவரை ஹோல்ட் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. இதற்கிடையில் கெமர் ரூஜ் மாலுமிகளை ஒரு தாய்லாந்து மீன்பிடிப் படகில் ஏற்றி விடுதலை செய்துவிட்டது. வில்சன் என்ற போர்க்கப்பல் அவர்களை எடுத்துக்கொண்டது. அவர்கள் தங்கள் கப்பலுக்கே திரும்பினார்கள், தங்கள் பாய்லரைத் தாங்களே பற்றவைத்தார்கள்.


சரித்திரப் பிரியை எழுதியது:

மாலுமிகள் விடுதலையான அதே காலையில் தீவில் சண்டை நடந்துகொண்டிருந்தது என்பதுதான் இதில் தாங்க முடியாத பகுதி. மாலுமிகள் அந்தத் தீவில் ஒருபோதும் இருக்கவில்லை. அவர்களைக் கண்டுபிடித்த பிறகும் நிலப்பகுதி மேல் குண்டுவீச்சு தொடர்ந்தது. தீவில் இறங்கியவர்களை அன்று இரவுதான் வெளியே எடுத்து முடித்தார்கள். பாய்லர் அறை ஐயாவின் பதிவுக்கு நன்றி. அந்த ஆறு பேரைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது.


துறைமுகத்தான் எழுதியது:

அப்புறம் கப்பல் எங்கே போனது? அமெரிக்காவுக்கா?


கடல்காகம் எழுதியது:

சிங்கப்பூருக்கு. மே 17 அன்று போய்ச் சேர்ந்தது. அங்கே 1972இல்தான் முதல் கன்டெய்னர் முனையம் திறந்திருந்தார்கள், தஞ்சோங் பகாரில். பத்திரிகைக்காரர்கள் கரையில் நின்றார்கள், மில்லர் பேசினார். பிறகு பெட்டியை இறக்கும் வேலை நடந்தது. கப்பல் தன் வழக்கமான ஓட்டத்துக்குத் திரும்பியது.


அலைவரிசை எழுதியது:

ஒரு கேள்வி எல்லோருக்கும். 1960இல் நடுவில் வெட்டி நீட்டி, அகலமும் கூட்டி, 1964க்குப் பிறகு உள்ளே இருந்த சட்டங்களையும் மாற்றிய கப்பல், 1944இல் கட்டிய அதே வைட் ஃபால்கன்தானா? அல்லது புதுக் கப்பலா?


பெட்டிக்கணக்கு எழுதியது:

பதிவேட்டில் அதே கப்பல். ஜோன்ஸ் சட்டத்துக்கும் அது முக்கியம், கட்டியது அமெரிக்காவில், சேர்த்ததும் அமெரிக்காவில்.


பாய்லர் அறை எழுதியது:

என்னைக் கேட்டால் அதே கப்பல். இன்ஜினும் சுக்கானும் இருக்கிற பின்பாதிதான் கப்பல், மீதி கொள்கலன். இந்தத் தொழிலில் பலர் அப்படித்தான் பார்ப்போம்.


துறைமுகத்தான் எழுதியது:

எங்களுக்கு எது சரக்குப் பிடிக்கிறதோ அதுதான் கப்பல் ஐயா. கரையில் நிற்கிறவனுக்குப் பாய்லர் தெரியாது. 1960க்கு முன் மூட்டைக் கப்பல், பிறகு பெட்டிக் கப்பல். வெனிசுவேலாத் தொழிலாளிக்கு முன்பு வந்த சாந்தா எலியானாவும் பிறகு வந்த சாந்தா எலியானாவும் ஒரே கப்பலாகவா தெரிந்திருக்கும்? ஒன்று வேலை கொண்டுவந்தது, இன்னொன்று வேலையை எடுக்க வந்தது.


கடல்காகம் எழுதியது:

இந்த விவாதம் முடியாது போலிருக்கிறது, நடக்கட்டும். முடிவை மட்டும் எழுதிவிடுகிறேன். 1979இல் ஸ்கிராப்புக்குப் போனது. அதே ஆண்டு எண்ணெய் விலை இரண்டாவது முறையாக ஏறிக்கொண்டிருந்தது. 1973இல் பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் அடுத்த ஆண்டே பத்து டாலரைத் தாண்டியிருந்தது. பாய்லர் அறை ஐயா, 1944ஆம் ஆண்டு டர்பைன் எவ்வளவு குடிக்கும்?


பாய்லர் அறை எழுதியது:

அந்தக் குறிப்பிட்ட நிலையத்தின் பதிவேடு என் கையில் இல்லாமல் எண் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொன்னால், ஒரே வேலைக்கு நீராவி டர்பைன் அந்தக் காலத்துப் பெரிய மெதுவேக டீசலைவிடக் கணிசமாக அதிகம் எரிக்கும். எண்ணெய் மலிவாக இருந்தவரை அமெரிக்கர்கள் கவலைப்படவில்லை, டர்பைன் அதிராமல் ஓடும், பராமரிப்புக் குறைவு. விலை ஏறியதும் கணக்கு தலைகீழானது. மாயாகுவெஸ் மட்டுமல்ல, 33 நாட் போன அந்த எஸ்.எல்-7 கப்பல்களும் எண்ணெய்ச் செலவு தாங்காமல் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு விற்கப்பட்டன. பத்து வயதுக்கூட முழுசாக ஆகாத கப்பல்கள் அவை. அவற்றைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், என்னிடம் எழுத நிறைய இருக்கிறது.